குமரி மாவட்டத்தில் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களை ஆய்வு செய்ய: அனுமதி முதல் அறிக்கை வரை

சர்க்கரை நோயால் காலை எடுக்கும் நிலை வராமல் தடுக்க ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசையோடு ஆய்வில் இறங்குபவர்கள் நம் மாவட்டத்தில் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். செவிலியர் முதுநிலை மாணவர்கள், சமூக மருத்துவம் படிக்கும் மருத்துவர்கள், பொது சுகாதாரமும் சமூகப்பணியும் படிப்பவர்கள் எனப் பல வழிகளில் வருகிறார்கள். பலர் அனுமதிக் கடிதங்களுக்கு அலைந்தே சலித்துப்போய், கடைசியில் வெளிநோயாளிகளிடம் ஒரு விழிப்புணர்வு வினாத்தாளை நிரப்பி வாங்கிக்கொண்டு பட்டத்தை முடித்துவிடுகிறார்கள். ஒரு பாதத்தைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் பாத ஆய்வு முடிந்துவிடுகிறது.

முதுநிலைப் படிப்புக்காக இந்த மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் பாதப் பரிசோதனை ஆய்வு ஒன்றைச் செய்தவன் நான். எந்தக் கடிதம் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று சொல்ல அப்போது ஆளில்லை. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

சர்க்கரை நோயால் நடக்கும் கால் அகற்றல்களில் சுமார் 85 சதவீதத்தில் முதலில் ஒரு புண் வந்திருக்கிறது என்பது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மை. புண்ணுக்கும் அறுவை மேசைக்கும் நடுவே சில நாட்களோ வாரங்களோ கிடைக்கின்றன. உங்கள் ஆய்வு அந்த இடைவெளிக்குள் போய் நிற்க வேண்டும்.

1. ஓராண்டில் முடியும் கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

“கால் அகற்றலைக் குறைத்தல்” என்று தலைப்பு வைக்காதீர்கள். ஒரு ஊராட்சி ஒன்றியத்தில் ஓராண்டில் நடக்கும் கால் அகற்றல்களின் எண்ணிக்கை, கூடியதா குறைந்ததா என்று சொல்லப் போதாது. அதற்குப் பல ஆண்டுகளின் தரவும் பெரிய மக்கள்தொகையும் தேவை. தனி மாணவரால் செய்யக்கூடியவை வேறு. உணர்வோ ரத்த ஓட்டமோ குறைந்து புண் வரும் ஆபத்துள்ள பாதங்கள் எத்தனை பேருக்கு இருக்கின்றன என்று பார்க்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை வாங்க வருபவரின் செருப்பைக் கழற்றச் சொல்லி யாராவது பாதத்தைப் பார்க்கிறார்களா என்று தணிக்கை செய்யலாம். புண்ணைக் கண்ட நாளுக்கும் மருத்துவமனைக்குப் போன நாளுக்கும் இடையே எத்தனை நாள் ஓடின, எதனால் ஓடின என்று கேட்கலாம்.

இந்த மூன்றில் தாமதத்தைப் பற்றிய ஆய்வுதான் நம் மாவட்டத்துக்கு முதலில் தேவை என்பது என் கருத்து. 2011 கணக்கெடுப்பின்படி இங்கே எழுத்தறிவு 91 சதவீதத்துக்கு மேல். மருத்துவமனைகளுக்கும் பஞ்சமில்லை, பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது ஒரு மருத்துவமனை வாசலில் இறங்கிவிடலாம். அப்படியிருந்தும் கால் கறுத்த பிறகு வருகிறார்கள் என்றால், தடை சாலையில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே உருப்படியான வேலை.

2. நான்கு அலுவலகங்கள், நான்கு கடிதங்கள்

புதியவர்களை அதிகம் அலைக்கழிப்பது இதுதான். அரசு மருத்துவமனை என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அவை ஒரே கூரையின் கீழ் இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணை சுகாதார நிலையங்களும் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறையைச் சேர்ந்தவை. மாவட்டத்தில் இதற்குப் பொறுப்பு மாவட்ட சுகாதார அலுவலர். முன்பு துணை இயக்குநர், சுகாதாரப் பணிகள் என்று அழைக்கப்பட்ட பதவி இது. பழைய பெயரில் கடிதம் எழுதினால் திருத்தி வரச் சொல்ல வாய்ப்புண்டு.

தக்கலையில் உள்ள பத்மநாபபுரம் அரசு மருத்துவமனை, குழித்துறை, குளச்சல் போன்ற மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழ் வருகின்றன. அங்கே இணை இயக்குநர் நலப்பணிகளுக்கு எழுத வேண்டும்.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்குநரகத்தைச் சேர்ந்தது. கடிதம் முதல்வருக்குப் போக வேண்டும். அறுவை சிகிச்சைத் துறைத் தலைவரையும் தனியே பார்த்து ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆனது. நகர்ப்புற நிலையங்களில் ஆய்வு செய்வதாக இருந்தால் மாநகர் நல அலுவலருக்கும் ஒரு கடிதம் வேண்டும்.

ஒரு அலுவலகத்தின் அனுமதியை வைத்துக்கொண்டு இன்னொரு துறையின் நிலையத்துக்குள் போகாதீர்கள். மருத்துவ அலுவலர் நல்ல மனிதராக இருந்து அனுமதித்துவிட்டாலும், பின்னால் கட்டுரை வெளியிடும்போது அந்தத் தரவைப் பயன்படுத்த முடியாது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆய்வு என்றால் மாவட்ட அலுவலர் பெரும்பாலும் சென்னை இயக்குநரகத்தின் ஒப்புதலைக் கேட்பார். எனவே மாவட்டக் கடிதத்தையும் இயக்குநரகக் கடிதத்தையும் ஒரே வாரத்தில் அனுப்பிவிடுங்கள். ஒன்று வந்த பிறகு அடுத்தது என்று காத்திருந்தால் ஒரு பருவம் கைநழுவிவிடும்.

கடிதம் கொடுத்தவுடன் ஒரு பிரதியில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். நான் போன ஓர் அலுவலகத்தில் கடிதம் மேசை மாறி எங்கோ போய்விட்டது. அந்த முத்திரைப் பிரதி கையில் இல்லாவிட்டால் முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

3. நெறிமுறைக் குழு: தாமதம் பெரும்பாலும் இங்கேதான்

மனிதர்களைத் தொடும் எந்த ஆய்வும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் தொடங்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்களின்படிதான் குழு உங்கள் முன்மொழிவைப் பார்க்கும். உங்கள் கல்லூரிக் குழு மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு பெற்றதா, பதிவு காலாவதியாகாமல் இருக்கிறதா என்று முதல் நாளே உறுப்பினர் செயலரிடம் கேட்டுவிடுங்கள். பதிவில்லாத குழுவின் ஒப்புதலை நல்ல இதழ்கள் ஏற்பதில்லை.

குழு தினமும் கூடுவதில்லை. சில கல்லூரிகளில் மாதம் ஒருமுறை, சிலவற்றில் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை. கூட்டத் தேதிக்கு முன்பே விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வைத்திருப்பார்கள். முதல் கூட்டத்திலேயே ஒப்புதல் கிடைக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். திருத்தம் கேட்டு ஒரு சுற்று திரும்பி வரும் என்றே காலத்தை ஒதுக்குங்கள்.

பாத ஆய்வுகளில் குழு வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு முன்மொழிவிலேயே பதில் எழுதிவிட்டால் ஒரு சுற்று மிச்சமாகும். புண் கண்டுபிடித்தால் என்ன செய்வீர்கள்? பெண்களின் பாதத்தை யார் பரிசோதிப்பார்கள்? புகைப்படம் எடுப்பீர்களா, அதை எங்கே வைப்பீர்கள்? பேச்சிப்பாறை மலைப்பகுதியில் காணி பழங்குடி மக்களின் குடியிருப்புகளையும் சேர்க்கிறீர்களா? சேர்த்தால் அவர்களுக்கான கூடுதல் பாதுகாப்பு என்ன? மலைக் குடியிருப்புகளுக்கு வனத்துறை அனுமதியும் தேவைப்படும்.

செருப்பு கொடுத்துப் பார்ப்பது, பயிற்சி கொடுத்துப் பார்ப்பது போன்ற தலையீட்டு ஆய்வு என்றால், முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தில் பதிந்தாக வேண்டும். 2018 ஏப்ரல் முதல் பின்தேதியிட்ட பதிவை அங்கே ஏற்பதில்லை. பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் நெறிமுறை ஒப்புதல் கடிதம் கையில் இருக்க வேண்டும்; பதிவகம் கேட்கும் விளக்கங்களுக்குப் பதில் அனுப்பச் சில வாரங்கள் பிடிக்கும். வெளிநாட்டுப் பணமோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கூட்டோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதலும் சேர்ந்துகொள்ளும். மாணவர்கள் முதல் ஆய்வில் அந்தப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

4. ஆவணக் கட்டு

ஒரே கோப்பில் இவை இருக்கட்டும்: முன்மொழிவு, வழிகாட்டி ஆசிரியரின் கையெழுத்திட்ட பரிந்துரை, கல்லூரி அடையாள அட்டைப் பிரதி, உங்களுடைய, வழிகாட்டியுடைய சுருக்கமான தன்விவரம், வினாத்தாள், தகவல் தாள், ஒப்புதல் படிவம், செலவுத் திட்டம், கால அட்டவணை, நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறைப் பயிற்சிச் சான்றிதழ். சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் இணையவழி ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். படிப்புக்குக் கட்டணம் இல்லை, தேர்வுக்கு மட்டும் உண்டு. முன்மொழிவு எழுதும் முறையே அதில் தெளிவாகிவிடும்.

தகவல் தாளையும் ஒப்புதல் படிவத்தையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டும் தமிழில் இருக்க வேண்டும். விளவங்கோடு வட்டத்திலும் கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலும் மலையாளம் மட்டும் வாசிக்கத் தெரிந்த முதியவர்கள் இருக்கிறார்கள். அங்கே போவதானால் மலையாளப் படிவமும் தேவை. மொழிபெயர்த்தவர் ஒருவராகவும், அதை மூல மொழிக்குத் திருப்பிப் பார்த்தவர் இன்னொருவராகவும் இருந்து, இருவரும் கையெழுத்திட்ட சான்று இணைக்கப்பட வேண்டும். வாசிக்கத் தெரியாதவரிடம் கைரேகை வாங்கும்போது படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி உடனிருந்து கையெழுத்திட வேண்டும். அந்தச் சாட்சி உங்கள் குழுவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. அண்டை வீட்டுக்காரரோ, கல்லூரி படிக்கும் பேரனோ போதும். படிவத்தின் ஒரு பிரதியைக் கலந்துகொள்பவரிடமே கொடுத்துவிட வேண்டும். எனவே அச்சடிக்கும்போது இரட்டிப்பாக அடியுங்கள். செலவுத் திட்டத்தில் மாணவர்கள் தவறாமல் விட்டுவிடும் தொகை இது.

5. எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்

வழக்கமான சூத்திரம் நான்கு பெருக்கல் விகிதம் பெருக்கல் மீதி விகிதம், வகுத்தல் பிழையின் வர்க்கம். ஆபத்துள்ள பாதம் 20 சதவீதம் பேருக்கு இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, கூடக்குறைய 5 சதவீதம் பிழையை ஏற்றால், 4 × 20 × 80 ÷ 25 = 256. நீங்கள் ஊர் ஊராகத் தொகுப்பு முறையில் எடுப்பதால் அதை ஒன்றரை மடங்காக்கினால் 384. மறுப்பவர்கள், வீட்டில் இல்லாதவர்கள் என்று பத்து சதவீதம் பேர் விடுபடுவார்கள் எனக் கொண்டு 0.9-ஆல் வகுத்தால் சுமார் 427. இந்த 20 சதவீதம் விளக்கத்துக்காக நான் போட்டது. உங்களுக்கான எண்ணை அண்மையில் வெளியான தென்னிந்திய ஆய்விலிருந்து எடுத்து, எடுத்த இடத்தையும் குறிப்பிடுங்கள்.

மாவட்டத்தில் ஒன்பது ஊராட்சி ஒன்றியங்கள் இருக்கின்றன. ஒன்பதையும் தொட வேண்டும் என்ற பேராசை வேண்டாம். தோவாளை வயல்காடும் கிள்ளியூர்க் கடற்கரையும் திருவட்டாறு ரப்பர்த் தோட்டங்களும் மூன்று வேறு வாழ்க்கைகள். இந்த மூன்றிலிருந்தும் ஊர்களை எடுத்தாலே நிறைய சொல்ல முடியும்.

6. கருவிகளும் செலவும்

பாதத்தில் தொடு உணர்வு இருக்கிறதா என்று பார்க்கும் பத்து கிராம் மோனோபிலமென்ட்தான் முதன்மைக் கருவி. ஒரு பிடியில் பொருத்திய நைலான் இழை அது. பாதத்தில் செங்குத்தாக வைத்து இழை வளையும் வரை அழுத்தினால் பத்து கிராம் விசை விழும். விலை சில நூறு ரூபாய். ஒன்று போதும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே நாளில் பத்துப் பதினைந்து பேரைப் பரிசோதித்த இழை தளர்ந்துவிடும். அதற்கு இருபத்து நான்கு மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும். எழுபது முதல் தொண்ணூறு பேருக்குப் பிறகு அதை மாற்றிவிட வேண்டும். தளர்ந்த இழை குறைவான விசையில் வளைந்து, நல்ல பாதத்தையும் மரத்த பாதமாகக் காட்டும். 427 பேர் என்றால் குறைந்தது ஆறு இழைகள் வாங்கி, எண் போட்டு, சுழற்சியில் பயன்படுத்துங்கள். எந்த இழை எத்தனை பேரைத் தொட்டது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பரிசோதிக்கும் முறையை வழிகாட்டி ஆசிரியர் முன்னிலையில் பழகிக்கொள்ளுங்கள். முதலில் பரிசோதிக்கப்படுபவரின் கையிலோ நெற்றியிலோ தொட்டு, எப்படி இருக்கும் என்று காட்டுங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லுங்கள். பெருவிரலின் அடி, பெருவிரலுக்குக் கீழே உள்ள மேடு, சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள மேடு ஆகிய மூன்று இடங்களில் தொடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு முறை தொட்டு, ஒருமுறை தொடாமலே “தெரிகிறதா?” என்று கேளுங்கள். மூன்றில் இரண்டுக்குச் சரியாகச் சொன்னால் அந்த இடத்தில் உணர்வு இருக்கிறது. காய்ப்பு, ஆணிக்கால், புண் உள்ள இடத்தில் தொடாதீர்கள்.

மோனோபிலமென்ட் இல்லாத கிராமத் தன்னார்வலருக்கு விரல் தொடு சோதனையைக் கற்றுக்கொடுக்கலாம். இரு கால்களிலும் முதல், மூன்றாம், ஐந்தாம் விரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் ஓரிரு நொடி மெல்லத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் தெரியவில்லை என்றால் பாதம் ஆபத்தில் இருக்கிறது. இதற்கு ஒரு பைசா செலவில்லை.

ரத்த ஓட்டத்துக்குக் கணுக்கால்–மேற்கை ரத்த அழுத்த விகிதம் பார்க்க வேண்டும். அதற்கு வேண்டிய, ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கும் கையடக்க டாப்ளர் கருவியைச் சொந்தமாக வாங்காதீர்கள். துறையில் கடன் கேளுங்கள். விகிதம் 0.9-க்குக் கீழே என்றால் ஓட்டம் குறைவு. சர்க்கரை நோயாளிகளில் ரத்தக்குழாய் சுண்ணாம்பேறி இறுகிப்போயிருந்தால் விகிதம் 1.3-க்கு மேலே போய், எல்லாம் நலம் என்பதுபோலக் காட்டும். அப்படிப்பட்டவர்களை இயல்பு என்று குறித்துவிடாமல் தனியே எழுதுங்கள்.

மற்ற செலவுகள் அச்சு, பயணம், கையுறை, கிருமிநாசினி, உதவியாளரின் உணவு ஆகியவை. இவற்றில் அதிகம் விழுங்குவது பயணம். கடற்கரைச் சாலை, மலையோரச் சாலை இரண்டிலும் பஸ் உண்டு என்றாலும் பிற்பகல் இடைவெளிகள் நீண்டவை. திரும்பி வர ஆட்டோக் கட்டணத்தையும் திட்டத்தில் போட்டுவிடுங்கள். மூன்று மாத சர்க்கரைச் சராசரி பார்க்கும் ரத்தப் பரிசோதனையைச் சேர்த்தால் ஆளுக்குச் சில நூறு ரூபாய் கூடும். மொத்தச் செலவு லட்சத்தைத் தாண்டிவிடும். பாத ஆய்வுக்கு அது கட்டாயமில்லை. அண்மையில் எடுத்த முடிவு அவர் கையிலிருந்தால் குறித்துக்கொண்டால் போதும்.

7. முதல் பாதத்தைத் தொடுவதற்கு முன் மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடு

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். குலசேகரத்தை அடுத்த ஓர் ஊரில் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து, எனக்கொன்றும் இல்லை என்று சிரித்துக்கொண்டே காலை நீட்டினார். குதிகாலில் ஒரு குப்பிச்சில்லு ஏறியிருந்தது. சுற்றிலும் தோல் வெளுத்து ஊறி, தொட்டால் சூடாக இருந்தது. அன்று காலை நாலு மணியிலிருந்து அந்தக் காலோடு மரம் மரமாக நடந்திருக்கிறார். வலியே இல்லை. அப்படி ஒருவர் முன்னால் நீங்கள் வினாத்தாளோடு நிற்பீர்கள். என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த நேரத்தில் யோசிக்கக் கூடாது.

எனவே களத்துக்குப் போகும் முன் இவற்றை முடித்துவிடுங்கள். அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பிரிவு செவிலியரிடம் பேசி, நீங்கள் அனுப்புபவரை எந்தக் கிழமையில் பார்ப்பார் என்று கேளுங்கள். தமிழக அரசின் ‘பாதம் பாதுகாப்போம்’ திட்டத்தில் பாதப் பரிசோதனை எங்கே நடக்கிறது என்பதையும் அவரிடமே தெரிந்துகொள்ளலாம். மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வெளிநோயாளிப் பிரிவில் ஒரு பெயரும் நேரமும் வாங்குங்கள். ஒரே பக்கத்தில் பரிந்துரைச் சீட்டு அச்சடித்து, அதன் அடிப்பகுதியைக் கிழித்துத் திருப்பித் தரும்படி அமையுங்கள். போய்ச் சேர்ந்தார்களா என்று தெரிந்துகொள்ள அதுதான் வழி.

விரல் கறுத்திருந்தால், சிவப்பு மேலே பரவினால், சீழோ துர்நாற்றமோ காய்ச்சலோ இருந்தால் அன்றே மருத்துவமனை, தேவையென்றால் 108. புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும் அன்றே அனுப்புங்கள். எலும்பு நொறுங்கத் தொடங்கியதன் அடையாளமாக அது இருக்கலாம். சுளுக்கு என்று எண்ணெய் தடவி நீவும் பழக்கத்தால் பாதமே உருமாறிவிடும். மற்றவர்களுக்கு அடுத்த பரிசோதனை எப்போது என்பதைச் சீட்டில் எழுதிக்கொடுங்கள். உணர்வும் ஓட்டமும் நன்றாக இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை. ஒன்று மட்டும் குறைந்திருந்தால் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களில். இரண்டும் குறைந்திருந்தாலோ, ஒன்றோடு விரல் வளைவு போன்ற உருமாற்றம் சேர்ந்திருந்தாலோ மூன்று முதல் ஆறு மாதங்களில். உணர்வோ ஓட்டமோ குறைந்த பாதத்தில் முன்பு புண் வந்து ஆறியிருந்தால், விரல் எடுத்திருந்தால், அல்லது அவருக்குச் சிறுநீரகம் செயலிழந்திருந்தால் ஒன்று முதல் மூன்று மாதங்களில்.

பணத்துக்கு அஞ்சியே பலர் மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் தகுதி உண்டு. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு நாகர்கோவில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதியலாம். சந்தேகங்களுக்குக் கட்டணமில்லா எண் 1800 425 3993.

8. எப்போது, எந்த நேரத்தில் போவது

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை மழையை எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும். வீடு வீடாகப் போக ஜனவரி முதல் மே வரை ஏற்றது. ஆனால் மழைக்காலத்தில்தான் விரலிடுக்குச் சேற்றுப்புண் அதிகம் என்பதால், கோடையில் மட்டும் எடுத்த தரவு புண்களைக் குறைத்துக் காட்டும். அறிக்கையில் இதைச் சொல்லிவிடுங்கள்.

பால்வெட்டுபவர்கள் விடியலில் போய்விடுவார்கள். பிற்பகலில் வீட்டில் இருப்பார்கள். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். அவர்கள் கரையில் இருக்கும் நாட்களைப் பங்குப் பேரவையிலோ மீனவர் சங்கத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் உங்கள் மாதிரியில் பெண்கள் மட்டுமே மிஞ்சுவார்கள். ஞாயிறு காலை கிறிஸ்தவ ஊர்களுக்குப் போகாதீர்கள். அன்று பிற்பகல் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். மாசியில் மண்டைக்காடு கொடை நாட்களிலும், நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் திருவிழா நாட்களிலும் அந்தப் பகுதிகளில் ஆள் கிடைப்பது கடினம்.

அதே திருவிழாக்கள் இன்னொரு வகையில் கைகொடுக்கும். “புண் எந்தத் தேதியில் வந்தது?” என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. “கொடைக்கு முன்னாலா, பின்னாலா? ஈஸ்டருக்கு நடந்து போனீர்களா? ஓணத்துக்குப் பிள்ளைகள் வந்தபோது கட்டுப் போட்டிருந்ததா?” என்று கேட்டால் வாரக் கணக்குக்குள் வந்துவிடலாம். தாமதத்தை அளக்கும் ஆய்வில் இந்த உள்ளூர் நாட்காட்டியை வினாத்தாளோடு இணைத்துவிடுங்கள். கேள்விகளையும் அவர்கள் அன்றாடம் கண்டது கேட்டதாக வையுங்கள். “உணர்வு குறைந்திருக்கிறதா?” என்றால் இல்லை என்பார்கள். “செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் நடந்ததுண்டா?” என்றால் வீட்டிலிருப்பவர்களே முந்திக்கொண்டு பதில் சொல்வார்கள்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர்கள் எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்பதை அறிவார்கள். அவர்களிடமிருந்து பட்டியலை உங்கள் போனுக்கு வாங்கிவிடாதீர்கள். அவர்கள் முதலில் வீட்டில் பேசி, சம்மதித்தவர்களிடம் மட்டும் உங்களை அழைத்துப் போகட்டும்.

9. மருத்துவமனைப் பதிவேட்டில் எண்ணுவதானால்

அறுவை அரங்கின் பெரிய பதிவேட்டை மட்டும் பார்த்து எண்ணினால் பாதிக்கணக்குதான் வரும். விரல் அகற்றல்கள் பல சிறு அறுவை அரங்கிலும், சில சமயம் கட்டுப் போடும் அறையிலும் நடக்கின்றன. அவற்றின் பதிவேடுகள் வேறு. எலும்பு முறிவுத் துறை, அவசரச் சிகிச்சை அரங்கு ஆகியவற்றின் பதிவேடுகளையும் சேர்த்துப் பாருங்கள். கணுக்காலுக்குக் கீழே என்றால் சிறிய அகற்றல், மேலே என்றால் பெரிய அகற்றல், இரண்டையும் கலக்காதீர்கள். ஒருவருக்கே முதலில் விரல், பிறகு முன்பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழ் என்று மூன்று அறுவை நடந்திருக்கும். ஆட்களையும் அறுவைகளையும் தனித்தனியே எண்ணுங்கள். விபத்தாலும் புற்றுநோயாலும் எடுத்த கால்களைக் கழித்துவிட வேண்டும். புண்ணின் தன்மையைக் குறிக்க சின்பேட் மதிப்பெண் போதும். இடம், ரத்த ஓட்டம், உணர்வு, தொற்று, பரப்பு, ஆழம் என்ற ஆறுக்கும் ஒவ்வொரு புள்ளி. மருத்துவமனைக்கு மருத்துவமனை ஒப்பிட அது உதவும்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. களியக்காவிளை, மேல்புறம், முஞ்சிறைப் பக்கத்துக்காரர்கள் காலில் பிரச்சினை என்றால் நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கும் போகிறார்கள். கிழக்கே இருப்பவர்களில் சிலர் திருநெல்வேலி போகிறார்கள். அவர்களின் கால்கள் நம் பதிவேட்டில் வருவதேயில்லை. ஆசாரிப்பள்ளத்து எண்ணிக்கையை மாவட்ட மக்கள்தொகையால் வகுத்து ‘மாவட்ட விகிதம்’ என்று எழுதினால், எல்லையோர ஊர்களில் கால் இழப்பு குறைவு என்ற பொய்யான முடிவு வரும். இதைச் சரிசெய்ய ஒரே வழி, ஊரில் வீடு வீடாகப் போகும்போது, “இந்த வீட்டில் கடந்த ஐந்து ஆண்டுகளில் யாருக்காவது விரலோ காலோ எடுத்தார்களா? எங்கே எடுத்தார்கள்?” என்று கேட்பதுதான். இறந்துபோனவர்களையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பெரிய அகற்றலுக்குப் பிறகு ஐந்தாண்டுகளுக்குள் இறப்பவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர் என்பதால், உயிரோடிருப்பவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு மிகவும் குறைந்துவிடும்.

10. தரவைப் பாதுகாப்பது

போனில் தரவைப் பதிய உதவும் கோபோ டூல்பாக்ஸ் செயலி இலவசம். சிக்னல் இல்லாத பேச்சிப்பாறை, கோதையாறு பக்கங்களிலும் போனில் பதிந்து, கீழே வந்தபின் அனுப்பலாம். பெயரும் தொலைபேசி எண்ணும் ஒரு நோட்டில், ஆய்வு எண் மட்டும் போனில் என்று பிரித்து வையுங்கள். பாதப் புகைப்படத்துக்குத் தனி ஒப்புதல் வாங்கி, கேமராவின் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டு எடுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் படத்தைப் போட்டு ஆலோசனை கேட்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

11. அறிக்கையை யாரிடம் கொடுப்பது

பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் தடித்த புத்தகத்தை மருத்துவ அலுவலர் படிக்க மாட்டார். அதற்கு அவருக்கு நேரமில்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். எத்தனை பாதங்கள் பார்த்தோம், எத்தனை ஆபத்தில் இருக்கின்றன, அனுப்பியவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள், போகாதவர்கள் என்ன காரணம் சொன்னார்கள். ஒப்புதல் படிவத்தில் அதற்கு அனுமதி வாங்கியிருந்தால் மட்டும், அடுத்த மூன்று மாதங்களில் திரும்பப் பார்க்க வேண்டியவர்களின் பட்டியலை மூடிய உறையில் செவிலியரிடம் கொடுங்கள். மாவட்ட சுகாதார அலுவலருக்கு அதே ஒரு பக்கத்தைத் தொகுத்து, நேரில் பத்து நிமிடம் கேட்டு வாங்கி விளக்குங்கள்.

கட்டுரை வெளியிட மின்னஞ்சலில் தானாக வந்து அழைக்கும் இதழ்களுக்குப் பணம் கட்டாதீர்கள். வழிகாட்டி ஆசிரியர் அறிந்த, துறை நூலகத்தில் இருக்கும் இதழுக்கே அனுப்புங்கள். முன்மொழிவு எழுதுவதிலிருந்து அறிக்கை கொடுக்கும் வரை ஓராண்டு பிடிக்கும். அதில் அனுமதிகளுக்கே நான்கைந்து மாதங்கள் போய்விடும் என்பதால், ஜனவரியில் களத்துக்குப் போக வேண்டுமென்றால் ஜூலையில் முதல் கடிதம் உங்கள் கையெழுத்தோடு வெளியே போயிருக்க வேண்டும்.